வலக்கால் தள்ளியது, இடக்கால் கூடப் போனது

சிங்காரவேல் சுரங்கத்தில் மெஷின் ஓட்டுகிறவர். ராட்டினம் போன்ற சக்கரத்தில் வாளிகளை மாட்டிக்கொண்டு மலை மலையாக மண்ணை வாரித் தள்ளும் அந்த மெஷினின் கேபினுக்குப் போக, மாடிக்கு மேல் மாடியாக இரும்புப் படி ஏற வேண்டும். மழையிலும் சேற்றிலும் இருபது வருடத்துக்கு மேல் ஏறி இறங்கியவருக்கு உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அவரைச் சாய்த்தது குவார்ட்டர்ஸ் கொல்லைப்புறத்துப் பலாமரம். மரம்கூட இல்லை, அதற்கடியில் போட்டு ஏறிய பிளாஸ்டிக் நாற்காலி. பழத்தைக் கட்டிப் பிடித்தபடி இறங்கினார். நாற்காலி ஒரு பக்கம் போனது, இடது முட்டி இன்னொரு பக்கம் போனது. பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சுரங்கத்தில் விழுந்திருந்தால் பார்க்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியிருப்பார்கள். நாற்காலியிலிருந்து விழுந்தவரைப் பார்க்க வந்தவர்கள், சுளை தேனாக இருக்கிறதென்று இன்னொரு தட்டு கேட்டார்கள்.

முட்டிக்குள் ஜவ்வு அறுந்திருந்தது. ஆபரேஷன் ஆயிற்று. மனைவி அமிர்தம் அவரைக் குளிப்பாட்டினாள், கழிவறைக்குத் தாங்கிக்கொண்டு போனாள், எதற்கும் நன்றி கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. நடக்க ஆரம்பித்ததும் அவரை லைட் டியூட்டியில் போட்டார்கள். கேன்டீனில் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் வேலை. அங்கே பொறுப்பில் இருந்தவன் சக்கரபாணி, அமிர்தத்தின் சொந்தத் தம்பி.

"வா மாமா, வா. இது ரொம்ப ஆபத்தான வேலை. கிழிக்கறப்ப வெரலு ஜாக்கிரதை" என்று வரவேற்றான்.

பரிசோதனை டாக்டர் 'ஃபிட்' என்று எழுதினால் மெஷின். எழுதாவிட்டால் ரிட்டயர் ஆகும் வரை மச்சானுக்குக் கீழே டோக்கன். சிங்காரவேலுக்கு முட்டி வலியைவிட இது அதிகம் வலித்தது.

பிசியோதெரபி பார்த்த வெண்மதி விளக்கமாகத்தான் சொன்னாள். "முட்டிக்குன்னு தனியா பலம் கெடையாது அங்கிள். தொடைதான் அதைப் புடிச்சு நிறுத்தணும். ஜிம்ல எடையக் காலால தள்ளற மெஷின் இருக்கு, அதுல உக்காந்து, கம்மி எடையில, நிதானமா செய்யுங்க."

இத்தனை சொல்லில் அவர் காதுக்குள் போனது 'மெஷின்' ஒன்றுதான். "மெஷினப் பத்தி எனக்கே சொல்றியாம்மா?" என்று சிரித்தார். 'அங்கிள்' என்றதை மன்னித்துவிட்டார்.

டவுன்ஷிப் ஜிம்மில், உட்கார்ந்தபடி இரண்டு பாதத்தாலும் ஒரு பலகையைத் தள்ள வேண்டும். தள்ளினால் பின்னால் இரும்புக் கட்டிகள் எழும்பும். எத்தனை கட்டி என்பதற்கு நடுவில் ஓர் ஆணி செருக வேண்டும். சிங்காரவேல் ஆணியை நாளுக்கு நாள் கீழே இறக்கினார். உற்பத்தி இலக்கு என்று ஒன்று இருந்தால் அதை மிஞ்சாமல் அவருக்குத் தூக்கம் வராது. கட்டிகள் எழும்பி 'டமார்' என்று விழுந்தன. கல்லூரிப் பையன்கள் கைதட்டினார்கள். ஒருவன் வீடியோ எடுத்துக் கொடுக்க, அதை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

"அடுத்த தபா பழத்த வுட்டுடு மாமா, மரத்தையே புடுங்கிக்கினு வந்துடு" என்று சக்கரபாணி பதில் போட்டிருந்தான்.

வெண்மதியும் ஒருநாள் நேரில் பார்க்க வந்தாள். முக்கால்வாசிக் கட்டிகளைத் தூக்கிக் காட்டிவிட்டு, பாராட்டுக்காக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாருக்கு. இப்ப வலது காலை மட்டும் கீழ எடுத்துட்டு, இதே மாதிரி ஒண்ணு."

வலது காலை எடுத்தார். தள்ளினார். பலகை அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் தள்ளினார். மூச்சுதான் வெளியே போயிற்று. வெண்மதி ஆணியைப் பாதிக்கு ஏற்றினாள். அசையவில்லை. இன்னும் ஏற்றினாள். கடைசியில் மேலே தனியாக நிற்கும் ஒற்றைக் கட்டிக்கு வந்ததும், இடதுகால் வெடவெடவென்று ஆடிக்கொண்டு பலகையைக் கொஞ்சம் நகர்த்தியது. டேப்பை எடுத்து இரண்டு தொடையையும் அளந்து காட்டினாள். வலது தொடை பருத்திருந்தது. இடது தொடை ஆபரேஷனுக்குப் பிறகு சூம்பியது சூம்பியபடியே இருந்தது.

"இத்தனை நாளும் நல்ல காலுக்குத்தான் பயிற்சி குடுத்திருக்கீங்க அங்கிள்."

பையன்கள் கைதட்டவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

வீட்டில் ஆறுதலுக்கு வழியில்லை. "ஒண்ணு ஒழைக்குது, ஒண்ணு கூடவே போயி கையெழுத்துப் போட்டுட்டு வருது" என்றாள் அமிர்தம். "உங்க உடம்புலயும் ஒரு காலு கான்ட்ராக்ட், ஒரு காலு பெர்மனென்ட்டு."

அவர் கோபித்துக்கொண்டு ஜிம்முக்குப் போவதை நிறுத்தினார். கோபம் யார்மேல் என்று அவருக்கே தெரியாததால் நீண்டுகொண்டே போனது. ஒரு மதியம் அமிர்தம் அவருடைய செருப்பைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள்.

"என்னாங்க, நீங்க திரும்ப வுழுந்தா தூக்கப்போறது யாரு? அந்த ஜிம்மு பசங்களா? எனக்கு இருக்கறது ஒரு இடுப்பு. அத ஏற்கெனவே உங்களுக்காகப் பாதி செலவு பண்ணிட்டேன். கெளம்புங்க."

கிளம்பினார். பையன்கள் இல்லாத மதிய நேரமாகப் பார்த்துப் போனார். ஒற்றைக் கட்டி, ஒற்றைக் கால். தள்ளுவதைவிட, விழவிடாமல் மெல்லத் திரும்பக் கொண்டுவருவதுதான் உயிரை வாங்கியது. ஆனால் படி இறங்கும்போது உடம்பைத் தாங்குவது அந்தப் பலம்தான் என்று வெண்மதி சொல்லியிருந்தாள். பக்கத்து மெஷினில் ரிட்டயர்டு டீச்சர் கலியம்மாள், அவரைவிட இரண்டு கட்டி கூடுதலாக வைத்துக்கொண்டு, குறிஞ்சிப்பாடியில் புடவை எடுத்த கதையைச் சொல்லியபடியே தள்ளினார். "வெக்கப்படாதீங்க தம்பி, எனக்கும் இப்படித்தான் ஆடிச்சு" என்றது அவருக்கு இன்னும் வெட்கமாயிருந்தது. வெட்கத்தோடே செய்தார். ஆணி ஒவ்வொரு கட்டியாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. கால் ஆடுவது நின்றது.

"ஃபிட் ஆன பெறகும் வாரத்துல ரெண்டு நாள் வரணும்" என்றாள் வெண்மதி.

"சரியாப் போன காலுக்கு எதுக்கும்மா?"

"சுரங்கத்துல மெஷின் நல்லா ஓடறப்பவே மெயின்டெனன்ஸ் பண்றீங்களே, எதுக்கு?"

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஆணியைப் பிடுங்கி அடுத்த கட்டியில் செருகினார்.

பரிசோதனை நாள் வந்தது. அமிர்தம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டர் அறையின் மூலையில் மரப்படிகள் வைத்திருந்தார்கள்.

"ஏறி எறங்குங்க" என்றார் டாக்டர்.

சிங்காரவேல் ஏறினார். கைப்பிடியைத் தொடவில்லை. இறங்கும்போது இடதுகாலில் முழு உடம்பையும் நிறுத்தி, வலதுகாலைப் பூப்போலக் கீழே வைத்தார். இத்தனை மாத மதியங்களும் அந்த ஒரு காலில் இருந்தன. நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சா? போதும்." பேனாவை எடுத்தார்.

நல்ல காலை மட்டும் வளைத்து இறங்கியிருந்தாலும் இதே பேனாதான், இதே கையெழுத்துதான் என்று சிங்காரவேலுக்குப் புரிந்தது. புத்தியுள்ளவன் பேசாமல் நின்றிருப்பான்.

"சார், நீங்க பாக்கலையே."

"பரவால்ல, எறங்கிட்டீங்க இல்ல?"

"எந்தக் கால்ல எறங்குனேன்னு சொல்லுங்க பாக்கலாம்."

டாக்டரின் பேனா நின்றது. போன் மேஜையில் குப்புறப் படுத்தது. "சரி, மறுபடி ஏறுங்க. இந்தத் தடவ எடது கால்லயே ஒவ்வொரு படியா எறங்குங்க. மெதுவா. நான் சொல்றப்ப நிக்கணும்."

கேட்டு வாங்கியது இது. சிங்காரவேல் ஏறினார். இறங்கினார். நடுப்படியில் "நில்லுங்க" என்றார் டாக்டர். ஒற்றைக் காலில் நின்றார். முட்டி உள்பக்கம் சாயப் பார்த்தது, தொடை விடவில்லை. நெற்றியில் வேர்வை கோத்தது. "ம்" என்றதும் கீழே வந்தார். டாக்டர் எழுந்து வந்து முட்டியை அமுக்கிப் பார்த்தார், தொடையைத் தட்டிப் பார்த்தார், போய் எழுதினார்.

வெளியே வந்தவரைப் பார்த்து அமிர்தம் எழுந்தாள். "என்னாச்சு? இவ்ளோ நேரம்?"

"ரெண்டு தபா பாஸ் பண்ணேன்."

"ஒரு தபா பத்தாதா?"

"மொத தபா யாரும் பாக்கல."

அமிர்தம் தலையில் அடித்துக்கொண்டு, அவரை முன்னால் விட்டு, ஆஸ்பத்திரிப் படியில் அவருடைய இடதுகாலைப் பார்த்தபடி பின்னாலேயே இறங்கினாள்.