எட்டு டிகிரிக்காரரும் இனித்த கேரட்டும்

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் குளிர்கிடங்கில் எல்லாரும் ‘எட்டு டிகிரி’ என்றே கூப்பிடுவார்கள். சிப்ஸ் கம்பெனிக்குப் போகும் உருளைக்கிழங்கை எட்டு டிகிரியில் காப்பது அவர் வேலை. சூடு ஏறினால் முளைவிடும். குளிர் கூடினால் கிழங்குக்குள் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சத்தமில்லாமல் சர்க்கரையாக்கிவிடும். தோலைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. எண்ணெயில் போட்டால்தான் குட்டு வெளிப்படும், சீவல் கறுத்துப்போகும். அதனால் திங்கள்தோறும் ஆபீஸ் மூலையில் வாணலி வைத்து ஏழு சீவல் பொரித்துப் பார்ப்பார்.

மனிதர்களைப் பொரித்துப் பார்க்க அவரிடம் வாணலி இல்லை. இருந்திருந்தால் மனைவியின் தம்பியை முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சி வேலைக்குச் சேர்த்திருப்பாரா?

குடலிறக்க அறுவைக்காக மூன்று வாரம் படுத்தார். சாவியை மச்சினனிடம் கொடுத்தார். அவனும் தினமும் ஆஸ்பத்திரிக்கு வேகவைத்த கேரட்டோடு வந்தான்.

“என்ன மாப்ள, தேன் கீன் ஊத்தினியா? இப்படி இனிக்குது!”

“உங்களுக்குன்னு தேடிப் புடிச்சு வாங்கினேன் மாமா.”

இவர் கண் கலங்கினார். தையல் வலி என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்த திங்களன்று பொரித்தார். ஏழும் காப்பிக்கொட்டை நிறம். பதிவேட்டில் நாள் தவறாமல் எட்டு, எட்டு, எட்டு என்று எழுதியிருந்தது. முதலாளி வந்து சீவலைக் கடித்துத் துப்பினார்.

“யாரு குளிரைக் கூட்டினது?”

“மாமாதான் போன்ல சொன்னாரு, முளை விடாம மூணுல வைன்னு,” என்றான் மச்சினன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

எட்டு டிகிரி அடுப்பை அணைத்தார். விறுவிறுவென உருளை அறைக்குள் போனார். கடைசி அடுக்குக்குப் பின்னால் ஒரு கேரட் கிடந்தது. துடைத்துக் கடித்தார். ஆஸ்பத்திரியில் சாப்பிட்ட அதே இனிப்பு. குளிர் கூடினால் கேரட்டும் இனிக்கும்; ஆனால் உருளை அறையில் அதற்கு என்ன வேலை? மச்சினன் காசு வாங்கிக்கொண்டு யாரோ வியாபாரியின் கேரட் சரக்கை உள்ளே விட்டு, அதற்காகக் குளிரைக் கூட்டி, வேலை முடிந்ததும் எட்டுக்குத் திருப்பியிருக்கிறான். அந்த விருந்தில் தானும் தினம் ஒரு கிண்ணம் தின்றிருக்கிறாரே!

கடித்த கேரட்டை முதலாளி முன் நீட்டினார்.

“கேரட்டைக் காட்டி என்னய்யா சொல்ல வர்றே? உன் வீட்டு ஆளு, நீ கூட்டிட்டு வந்த ஆளு. சரக்கைச் சரி பண்ணு. இல்லேன்னா சாவி இனி அவன்கிட்டதான்.”

மூன்று வாரம் அவகாசம் கேட்டார். அறையைப் பதினாறு டிகிரிக்கு ஏற்றினார். கிழங்கு மூச்சுவிட்டே சர்க்கரையைக் கொஞ்சம் செலவழிக்கும், மீதியில் கொஞ்சத்தை மாவாகத் திருப்பிக்கொள்ளும். ஒவ்வொரு திங்களும் பொரித்தார். முதல் வாரம் பழுப்பு. இரண்டாம் வாரம் மரப்பலகை நிறம். மூன்றாவதில் ஏழில் ஆறு பொன்னாக வந்தன. சாவி அவரிடமே தங்கியது.

அன்று வீட்டில் சாப்பாட்டுக்கு மச்சினனும் வந்திருந்தான். மனைவி கேரட் பரிமாறிக்கொண்டே, “தம்பி அப்போ மூட்டையாக் கொண்டாந்தானே, அந்த ருசி இதுல இல்லீங்க,” என்றாள்.

எட்டு டிகிரி நிமிர்ந்து பார்த்தார். மூட்டையா? இவளுக்கும் தெரியுமா?

“அதான் எல்லாம் சரியாயிடுச்சுல்ல மாமா?” என்றான் மச்சினன் அவசரமாக.

“உருளைக்கு ஆயிடுச்சு மாப்ள,” என்றார். தட்டைத் தள்ளிவிட்டு, சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே எழுந்துபோனார்.