இடுப்பில் செருகிய புகையிலை

வாயில் புகையிலை இல்லாவிட்டால் எனக்குக் களைக்கொட்டு ஓடாது. எண்பதுகளின் தொடக்கத்தில், திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக இருந்த புண்ணைப் பார்த்தார். "புகையிலைய விட்டுடும்மா. சாமை அறுப்பு முடிஞ்சதும் வா. அப்பவும் ஆறலைன்னா வேலூர்ல அறுத்துதான் எடுக்கணும்" என்றார். கன்னம் போன முகத்தோடு பிள்ளைகள் முன்னால் எப்படி நிற்பது?

மறுநாளே வீம்பாக விட்டேன். எங்கள் மலையில், புதூர்நாட்டில், களையெடுக்கும் பெண்கள் நாங்கள் வரிசையாகப் போய், எதிர் வரப்பில் உட்கார்ந்து புகையிலையைக் கிள்ளிப் பங்கு போடுவோம். நாத்தனார் நீட்டியதை வேண்டாம் என்றேன். நீட்டியதை மறுத்தால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். அது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே கேட்டு வாங்கி இரண்டு பங்கை ஒன்றாக அதக்கிக்கொண்டேன். வெட்கக்கேடு.

அப்புறம் வீம்பை விட்டேன். கொடுப்பதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, 'அடுத்த வரப்புல போட்டுக்கலாம்' என்று நாக்கைச் சமாதானம் செய்வேன். வறுத்துத் தோல் நீக்கிய புளியங்கொட்டை ஒன்றை, புண் இல்லாத பக்கம் ஒதுக்கிக்கொள்வேன். அது ஊறுவதற்குள் எதிர் வரப்பு வந்துவிடும்.

முதல் நாள் சாயங்காலம், வாங்கிய நாலு துண்டில் இடுப்பில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. தோற்ற நாட்களில் என்னைத் திட்டிக்கொள்ளாமல், மறுநாளைக்குக் கொட்டை வறுத்தேன்.

"இன்னா அண்ணி, புள்ளத்தாச்சி கணக்கா எந்நேரமும் மெல்ற?" என்பாள் நாத்தனார்.

"உனக்கு இன்னாடி போச்சு, களைய எடு."

களை முடியும் தறுவாயில் ஒரு நாள் நாலு துண்டும் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். நெடியில் வீடே தும்மியது. நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். அறுப்புவரை ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை.

அறுப்பு முடிந்ததும் நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஜீப்பில் மலையிறங்கித் திருப்பத்தூர் போனேன். டாக்டரம்மா டார்ச் அடித்து இரண்டு முறை பார்த்தார்.

"சுத்தமா ஆறிடுச்சு. வேலூர் வேணாம். எப்படிம்மா விட்டே?"

"வுடலம்மா. அடுத்த வரப்புல போட்டுக்கலாம்னு தள்ளிக்கினே வந்தேன்" என்றேன். ஜெயித்துவிட்டேன் என்று அந்த ஆஸ்பத்திரியே கேட்கக் கத்தவேண்டும்போல் இருந்தது.

நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன். நாத்தனார் அதில் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு தபா பாருங்கம்மா" என்று வாயைத் திறந்தாள்.