பல்பு வைக்க மறந்த ஸ்டார்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு டிசம்பர். இரும்புலியூர் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்தி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அப்பாவுக்குத் திருச்சிக்கு மாற்றல். குடும்பத்தோடு போய்விடலாம் என்றார். தாம்பரத்தில் டீச்சராக இருந்த அம்மா, வேலையை விடமாட்டேன் என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவருக்கும் வாய் நான்தான்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, மண்ணெண்ணெய் தீந்துபோச்சுன்னு."

"வாங்கி வச்சாச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

ஒரே கூடத்தில் நின்றுகொண்டுதான் சொல்வார்கள். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் திருப்பிச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. சொன்ன விதம் பிடிக்கவில்லையென்றால் திட்டும் எனக்குத்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான். பதினைந்து வயதில் எனக்கு அப்படி ஓர் அலுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படுத்துவிடலாம் போலிருக்கும். எங்கே விட்டார்கள்!

கிறிஸ்துமஸ் நெருங்கியது. தெருவில் எங்கள் வாசலில் மட்டும் ஸ்டார் இல்லை.

"இன்னாம்மா, உங்க வூட்ல இன்னும் ஸ்டார் கட்லியா?" என்று பால்காரம்மா கேட்டுவிட்டாள். அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அன்று ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அப்பா மூங்கில் குச்சிகளைக் கூடத்தில் கொண்டுவந்து போட்டார்.

எங்கள் வீட்டில் ஸ்டாரைக் கடையில் வாங்கும் வழக்கம் கிடையாது. அப்பா சட்டம் கட்டுவார். அம்மா மைதாப் பசை காய்ச்சுவாள், பூச்சி அரிக்காமலிருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் போட்டு. தங்கச்சி கலர் பேப்பர் வெட்டுவாள். நான் எடுபிடி. ஒருவர் குச்சிகளை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் நூல் சுற்ற வேண்டும். அப்பா தனியாகக் கட்டிப் பார்த்தார். குச்சி தெறித்துத் தெறித்துப் போனது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, எதிரே உட்கார்ந்து முனையைப் பிடித்தாள்.

"இறுக்கிப் பிடிக்கச் சொல்லு" என்றார் அப்பா, என்னிடம்.

"கண்ணு தெரியுதான்னு கேளு. இறுக்கித்தான் பிடிச்சிருக்கேன்" என்றாள் அம்மா.

அடக் கடவுளே, இதற்குமா நான்!

சாயங்காலத்துக்குள் சிவப்பும் மஞ்சளுமாக ஒட்டி முடித்துவிட்டோம். ஒரு சுருக்கம் கிடையாது. நாலு பேர் கையும் ஒரே வேலையில் இருக்கும்போது கோபம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது. அன்று மதியம் முழுக்க யாரும் ஒரு பாத்திரத்தைக்கூட 'ணங்'கென்று வைக்கவில்லை. ஸ்டாரை வாசலில் கட்ட அப்பா ஸ்டூல்மேல் ஏறினார்.

"லைட்டு போட்டுப் பாக்கலாம்ப்பா" என்றாள் தங்கச்சி.

அப்போதுதான் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். பல்பும் ஹோல்டரும் ஒயரோடு அங்கேயே கிடந்தன. பின்பக்கம் ஒரு கட்டத்தை ஒட்டாமல் விட்டு, அது வழியாகத்தான் பல்பை உள்ளே வைப்பது. அப்பா வைத்துவிட்டார் என்று நினைத்து அம்மா மூடி ஒட்டிவிட்டாள். அம்மா வழி விட்டிருப்பாள், கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா இருந்துவிட்டார். வழக்கமாக "மூடிடட்டுமா?" என்று அம்மா ஒரு வார்த்தை கேட்பாள். அந்த வருஷம் அதை என்னிடம் சொல்லி அனுப்ப மறந்துபோனாள்.

இரண்டு பக்கத் திட்டுக்கும் தயாராக நின்றேன். அப்பாவோ ஸ்டூல் மேலேயே நின்று தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"சிரிச்சது போதும், விழுந்து வைக்காதீங்க. இறங்கி ஒரு பிளேடு எடுத்துட்டு வாங்க" என்றாள் அம்மா. அவரைப் பார்த்து. நேராக.

மறுநாள் காலை பாயில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அடுப்படியில் அப்பாவின் குரல் கேட்டது.

"நான் மட்டும் போறேன். லீவு கிடைக்கிறப்பல்லாம் வந்துடுறேன்."

அடுப்பிலிருந்து எதையோ இறக்கி வைக்கும் சத்தம்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா போகப்போகிறார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் திருப்பிச் சொல்ல என்னை யாரும் எழுப்பவில்லை. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, அழுதபடியே நன்றாகத் தூங்கிப்போனேன்.