சோறு இடப்பக்கம்

கறுப்பு அரக்குப் பூசிய அந்தத் தட்டில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் இருந்தது. முன்வரிசையில் இடப்பக்கம் சோறு, வலப்பக்கம் சூப். பின்வரிசையில் வலப்பக்கம் சுட்ட மீன், அதன் தலை இடப்பக்கம் பார்க்கவேண்டும். மீனுக்கு இடப்பக்கம் அவித்த காய்கறி, நடுவில் வினாகிரி விட்டுப் பிரட்டிய வெள்ளரிக்காய் ஒரு பிடி. ஒரே விதமாகச் சமைத்த இரண்டு கறிகள் ஒரு தட்டில் சேரக்கூடாது. சோற்றைக் குவித்து அதன் தலையில் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரி நான். முதல் வாரம் இது சாப்பாடா, கேத்திரகணிதமா என்று எரிச்சலாகத்தான் இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னி நகருக்குள் இருந்த ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில், தட்டுகளைக் குசினியிலிருந்து வாங்கி மேசைக்குக் கொண்டுபோவது என் வேலை. மதியத்தில் ஜப்பானியக் கம்பனிக்காரர்கள் வந்து நிறைவார்கள். தலைமைச் சமையல்காரரை செஃப் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். அறுபதை நெருங்கியவர், மனைவி ஜப்பானில். "சோறு வலப்பக்கம் வைப்பது செத்தவருக்கு, மிஸிஸ்" என்று உடைந்த ஆங்கிலத்தில் எனக்குச் சொல்லித் தந்தார். எனக்கு அது உடனே பிடிபட்டது. எங்கள் ஊரிலும் இலையின் நுனி இடப்பக்கம் இருக்கவேண்டும், செத்தவீட்டுப் படையலுக்குத்தான் மாற்றிப் போடுவார்கள். தட்டை மாற்றி வைத்த உதவிச் சமையல்காரன் ஒருவனை அவர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு குளிர்காலத்து மதியம், அவர் தள்ளிவிட்ட தட்டில் சோறு வலப்பக்கம் இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. கோப்பைகளை மாற்றிவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாள் இரண்டு தட்டு. அதற்கடுத்த வாரம், தட்டின் இடது பாதி வெறுமையாகக் கிடக்க, எல்லாக் கோப்பைகளும் வலப்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அதைத் தன் வழக்கமான கவனத்தோடு குனிந்து பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

பிறகு எனக்கு எல்லாமே கண்ணில் படத் தொடங்கியது. அவருடைய வலக்கன்னம் மழுங்கச் சிரைத்திருக்கும், இடக்கன்னத்தில் மூன்று நாள் நரைமயிர் நிற்கும். கதவால் நுழையும்போது இடத்தோள் நிலையில் இடிபடும், இடித்ததென்று தெரியாதவர்போல நடப்பார். வயது போகிறது, மனைவி பக்கத்தில் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உள்ளுக்குள் பயம்தான். ஒரு மனிதர் தானறியாமல் தினமும் செத்தவருக்குப் படைத்துக்கொண்டிருக்கிறார், அது யாருக்கோ என்ற பயம்.

வீட்டில் அவரிடம், என் கணவரிடம், சொன்னேன்.

"உமக்கேன் உந்த வேலை? முதலாளியிட்டச் சொல்லும். மனுசனுக்கு ஏதோ வருத்தம் போல கிடக்கு."

"சொன்னா அவரை நிப்பாட்டிப்போடுவினம். பாவமெல்லே?"

"நிப்பாட்டினா டொக்டரிட்டயாவது போவார்."

அவர் சொன்னது சரி. ஆனால் எனக்கு அப்போது வேறொரு மிதப்பு. ஒரு பெரிய மனிதருடைய மானத்தை நான்தான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தேன். இரண்டு மாதம், ஒரு தட்டும் பிழையாக வெளியே போகவில்லை. என் கை அவ்வளவு கெட்டித்தனம்.

ஒருநாள் மதிய வேலை முடிந்ததும், வெள்ளை முள்ளங்கி வாங்கத் தெருவைக் கடந்தார். ஜன்னல் மேசையைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் நின்று வலப்பக்கம் நன்றாகப் பார்த்தார். நடுத்தெரு வரைக்கும் போனார். அங்கே இடப்பக்கமிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு வந்த வானை அவர் திரும்பியே பார்க்கவில்லை. ஹோர்ன் அடித்த சத்தத்துக்கும் வலப்பக்கம்தான் திரும்பினார்.

அன்றிரவே ஆஸ்பத்திரியில் உயிர் போனது. மூளையில் கட்டி என்று அங்கே சொன்னார்களாம். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துகொண்டு வந்திருக்கிறது. நேரத்தோடு பார்த்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றும் சொன்னார்களாம். ஒரேயொரு தட்டை நான் அப்படியே கொண்டுபோய் வைத்திருந்தால் போதும். அந்தக் கம்பனிக்காரர்களில் ஒருவராவது முகத்தைச் சுளித்திருப்பார்.

இப்போது சிட்னியின் மேற்கே மெரிலேண்ட்ஸில் பிள்ளைகளோடு இருக்கிறேன். பேரப்பிள்ளைகளின் பிழைகளைச் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். கிழவிக்கு வாய் நீளம் என்று பெயர். செஃப்பைப் பற்றி மட்டும் அதன்பிறகு இன்றுவரை வாய் திறந்ததில்லை.

அன்று இறுதிச் சடங்குகளுக்காக ஜப்பானிலிருந்து அவருடைய மனைவி வந்தார். மெலிந்த, அழாத பெண். கணவர் கடைசி நாட்களில் தடுமாறினாரா, வேலையில் பிழைவிட்டாரா என்று கேட்டார். முதலாளி அதை மொழிபெயர்த்துவிட்டு, அவரே பதிலையும் சொன்னார். கடைசி நாள் வரை ஒரு தட்டும் பிழையாகப் போகவில்லை, தட்டுகளைக் கொண்டுபோன இந்தப் பெண்ணே சாட்சி என்று என்னைக் காட்டினார். அந்த அம்மாவின் முகம் அப்போதுதான் இளகியது. என் முன்னால் வந்து இடுப்பு வளைய ஆழமாகக் குனிந்து நன்றி சொன்னார். நானும் குனிந்தேன். அவர் நிமிர்ந்த பிறகும் எனக்கு நிமிர முடியவில்லை.