புரட்டாசி விரதம் இருந்த மீன்

எங்கள் வீட்டு மீன் ஒருமுறை புரட்டாசி விரதம் இருந்தது. இதைச் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்களில் சிலர் இப்போதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்கோ கோபம் வரும். இந்த வயதில் கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு மீனை நினைத்துத்தான் கோபம் வருகிறது என்று அவரிடம் சொல்லவில்லை. வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவார்.

மாம்பலத்தில் கூட்டுக் குடும்பம். அம்மா தேனாம்பேட்டையில் ஒரு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்குத் தலை வாரி, சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் பெரியம்மா. அவளுக்குக் குழந்தை இல்லை. பெரியப்பாவுக்குப் பாத்திரக் கடை. வியாபாரம் படுத்திருந்த சமயத்தில் யாரோ வாஸ்து மீன் வைக்கச் சொல்ல, கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டியைப் போட்டு ஒரு அரோவானாவை வாங்கி விட்டார். நீளமான வெள்ளி உடம்பு, மேலே தூக்கிய தாடை, யாரையும் மதிக்காத பார்வை. பெரியப்பா மீனாகப் பிறந்திருந்தால் அச்சு அசல் அப்படித்தான் இருந்திருப்பார்.

அரோவானாவுக்கு உயிருள்ள குட்டி மீன்தான் தீனி. கடையில் வாங்கிப் போட்ட தீனியோடு நோயும் வந்து, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியாகி அந்த மீன் செத்துப்போனது. மீன் கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார்: "தீனி மீன்ல நோவு இருந்துகீது நைனா. அடுத்த வாட்டி வூட்லயே கப்பி மீன் வளத்துப் போடு." பெரியப்பாவுக்கு இந்த விளக்கம் போதவில்லை. வாஸ்து மீன் செத்தால் வீட்டுக்கு வந்த கெடுதலை அது வாங்கிக்கொண்டது என்று அர்த்தமாம். கெடுதல் யாரால் வந்தது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு காபி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அன்று மாலையே பெரியம்மாவைப் பெட்டியோடு ஆட்டோவில் ஏற்றித் தாம்பரத்தில் இருந்த அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த மீன் வாங்க அவருக்கு மனசு வந்த பிறகுதான் அவள் திரும்பி வந்தாள். அதுவரை நான் கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போனேன்.

இரண்டாவது மீனுக்குத் தீனி வளர்க்கும் பொறுப்பு என்னுடையது. நீல டிரம் ஒன்றை இரண்டாக அறுத்து மொட்டைமாடியில் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு பாதியில் தாய்க் கப்பிகள், மறுபாதியில் குட்டிகள். பிரித்து வைக்காவிட்டால் தாயே குட்டியைத் தின்றுவிடும். எனக்கு இரக்கமெல்லாம் வந்ததாக நினைவில்லை. நான் வளர்த்த கப்பியை அரோவானா கவ்வும்போது, பந்தியில் இன்னொரு கரண்டி கேட்பதைப் பார்த்த சமையல்காரனைப் போல நெஞ்சு நிமிர்ந்தது.

அப்புறம் புரட்டாசி வந்தது. வழக்கம்போல வீட்டில் கறி, மீன், முட்டை நின்றது. முதல் நாள் காலையில் பெரியப்பா பளிச்சென்று நாமம் போட்டுக்கொண்டு வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார்.

"பெருமாள் படத்துக்கு நேரெதிர்ல இருந்துகினு இது மட்டும் உயிரத் தின்னா எப்படி? இந்த மாசம் இதுவும் சைவம்."

"அண்ணே, அது மீனுண்ணே" என்றார் அப்பா.

"மனுசனால அடக்க முடியுது, மீனால முடியாதா?"

தொட்டிக் கண்ணாடிக்கும் ஒரு நாமம் விழுந்தது. மீன் பிடிக்கும் வலையை பீரோவில் வைத்துப் பூட்டினார். மீனுக்கு இட்லி போட்டார். அது வாயில் வாங்கி, யோசித்து, துப்பியது. வேகவைத்த பட்டாணி போட்டார். அதையும் துப்பியது. அரோவானா துப்பினால் நன்றாகத் துப்பும்.

சில நாட்களில் மீன் மூலையில் ஒதுங்கிவிட்டது. பெரியப்பாவின் பார்வை மீனை விட்டு மெதுவாகப் பெரியம்மா பக்கம் திரும்பியது.

"அது முன்னாடி போய் நிக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது? உன் மூஞ்சியப் பாத்துதான் அது ஒடுங்குது. இதுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, வாசல்ல ஆட்டோ நிக்கும், சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றாள் பெரியம்மா. கையில் துடைப்பம். கூட்டினால் தொட்டிக்கு முன்னாலும் கூட்டித்தானே ஆக வேண்டும்.

அந்த 'சரிங்க'வில் என்னைப் பிடித்த பயம் சாதாரணமானது அல்ல. ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். எங்கள் தெருவோ ஸ்டேஷனுக்குப் போகிற தெரு. ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடியிருப்பேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். மீனுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடியில் காதை வைத்து நெஞ்சுத் துடிப்பைக் கேட்டேன். கேட்டது. என்னுடையது.

கடைசியில் துணிந்துவிட்டேன். வலை பீரோவில் இருந்தது. சமையலறையில் இரண்டு ஆணிகளில் இரண்டு டீ வடிகட்டிகள் தொங்கின. எதற்கு இரண்டு என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடி, கப்பிகளை அள்ளி, சட்டைக்குள் டம்ளரை மறைத்துக் கொண்டுவந்து தொட்டியில் கவிழ்த்தேன். அரோவானா மின்னலாகத் திரும்பியது. நாமத்துக்குப் பின்னால் ஒரு பளிச், ஒரு சுழிப்பு, அவ்வளவுதான். பெரியம்மாவை ஆட்டோவிலிருந்து நானே இறக்கிவிட்டதாக நினைத்தேன்.

கொஞ்ச நாள்தான் அந்தச் சந்தோஷம். ஒரு நாள் மீன் என் கப்பியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. நேரடியாக மரணம்தான் என்று முடிவு கட்டினேன். பூஜை அறைக்கு ஓடி, மீன் பிழைத்தால் திருப்பதிக்கு முடி தருவதாகப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். என் முடி இல்லை, அப்பாவின் முடி. அதில் பாதியை ஏற்கெனவே பெருமாளே எடுத்துக்கொண்டிருந்ததால் மீதியைக் கேட்பதில் தயக்கம் இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

போதாக்குறைக்கு டிரம்மில் கப்பிகள் குறைந்துகொண்டே வந்தன. நான் எடுத்ததைவிட அதிகமாகக் குறைந்தன. திருடுகிறது காக்காய்தான் என்று தோன்றியது. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அள்ளுகிறேன், ஒரு காக்காய் உட்கார்ந்து சாப்பிடுவதா? சனிக்கிழமை தளிகை போட்டு, எல்லோரும் சாப்பிட்டுப் படுத்ததும், ஒட்டடைக் கம்போடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

காக்காய் வரவில்லை. அம்மா வந்தாள். டீ வடிகட்டியால் கப்பிகளை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள். அப்போது படியேறி அப்பா வந்தார்.

"நீங்க எங்க இங்க?"

"துணி காஞ்சிடுச்சான்னு பாக்க வந்தேன்."

"இன்னிக்குத் துணியே காயப் போடலையே."

"அதான், பாத்தேன்."

அவர் கையில் ஒரு சொம்பு இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். அவர் முந்தானையைப் பார்த்தார். "அக்கா பாவங்க" என்றாள் அம்மா. "சத்தம் போடாத. அந்த வடிகட்டிய இப்படிக் குடு" என்றார் அப்பா.

இருவரும் இறங்கிப் போனார்கள். நான் இன்னும் வாயைக்கூட மூடவில்லை. அதே வடிகட்டி மறுபடியும் படியேறி வந்தது. இந்த முறை அது பெரியப்பா கையில் இருந்தது.

நெற்றியில் காலையில் போட்ட நாமம் அழியாமல் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி டிரம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். ஒவ்வொரு முறை அள்ளும்போதும் வாய்க்குள் "கோவிந்தா" என்றார். பிறகு கூடவே கொண்டுவந்திருந்த சொம்பை மேல்துண்டால் மூடிக்கொண்டு, திருடனைப் போல அல்ல, தீர்த்தம் கொண்டுபோகிறவரைப் போல இறங்கிப் போனார்.

எனக்கு வந்த கோபத்தில் ஒட்டடைக் கம்பை விடவும் தோன்றவில்லை. அதோடேயே சமையலறைக்குள் பாய்ந்தேன். பெரியம்மா சுண்டல் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, பெரியப்பாவே கப்பி போடறாரு. நான் பாத்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஒங்கம்மா, ஒங்கப்பா, நீ, அவரு. எல்லாருந்தான் போடுறீங்க. தெனம் அந்த வடிகட்டியக் கழுவி ஆணியில மாட்டுறது யாருன்னு நெனச்ச? அதுக்குன்னுதான் கடையிலேர்ந்து ஒண்ணு தனியா எடுத்தாந்து வச்சிருக்கேன்."

நான் கம்போடு நின்றேன்.

"ஆளுக்கு ஆள் போட்டா வயிறு வெடிச்சுச் செத்துடும்டா அது. அதான் மூஞ்சியத் திருப்புது. நீ இனிமே போடாத, அம்மா அப்பாகிட்டயும் சொல்லிடு. அவரு மட்டும் போடட்டும்."

"எல்லார் முன்னாடியும் சொல்லிடலாம் பெரியம்மா. அவர்தான் போடறாருன்னு."

"சொல்லிட்டு?" என்றாள்.

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

கடைசிச் சனிக்கிழமை தெருவே எங்கள் கூடத்தில் நின்றது. நாமத்துக்குப் பின்னால் அரோவானா கொழுகொழுவென்று நீந்தியது. பெரியப்பா அதைக் காட்டி, "மாசம் பூரா சைவம். வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற பக்தி இவளுக்கு இருந்திருந்தா இந்த வூடு எங்கியோ போயிருக்கும்" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் வாயைத் திறந்தேன். அந்த வாய்க்குள் ஒரு கை சுண்டல் வந்து விழுந்தது. பெரியம்மாவின் கை. விக்கலோடு சேர்த்து எல்லாவற்றையும் விழுங்கினேன்.

அவள் மீது அன்று எனக்கு வந்த கோபம் பெரியப்பா மீது வந்ததைவிடப் பெரியது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் சாயம் வெளுத்திருக்கும். இப்போது இந்தக் கதையைச் சொன்னால், அவளை மறுபடி அனுப்ப மனசில்லாமல்தான் அவர் ஒளிந்து ஒளிந்து தீனி போட்டார், அதுவும் ஒரு பிரியம்தான் என்கிறார்கள். இருக்கலாம். ஆட்டோவை நிறுத்த அவர் மாடி ஏற வேண்டியதே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் வடிகட்டியைக் கழுவினாள்.

அந்த மாலை பெரியப்பா அவள் போட்ட டீயைக் குடித்துவிட்டு நன்றாக இருப்பதாகச் சொன்னார். நானும் குடித்தேன். அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: மாதம் முழுக்க எங்கள் வீட்டு டீயில் ஏன் மீன் வாசனை வரவில்லை என்பது.