லாக்குக்கு வைத்த சந்தனம்

பையைக்கூட இன்னும் மேஜைமேல் வைக்கவில்லை. மேனேஜர் கண்ணாடி ரூமுக்குள் இருந்து கூப்பிட்டார். விஜயதசமிக்கு மறுநாள் காலை அது, காந்தி ஜெயந்தி லீவுகூட எங்களுக்குக் கிடையாது.

"ஆவடில ஒரு பிரஸ். லாக் டெட்டுன்னு போன் பண்றான். நீ கிளம்பு. சரி பண்ணப் போறோம்னு நெனச்சுட்டுப் போகாதம்மா. என்ன தில்லுமுல்லு பண்ணியிருக்கான்னு பாத்துட்டு வா."

"பண்ணலைன்னா சார்?"

"பண்ணாம லாக் சாவாது."

புதிதாக சப்போர்ட் வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் பிளாப்பியையும் சிடியையும் பார்த்துத்தான் வருகிறீர்கள், லாக் தெரியாமலும் இருக்கலாம். அம்பத்தூரில் எங்கள் ஆபீஸ் விற்றது தமிழ் டைப்செட்டிங் சாஃப்ட்வேர். ஈய எழுத்தைக் கைவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறிய பிரஸ்காரர்கள்தான் எங்கள் கஸ்டமர்கள். பெட்டியோடு தீப்பெட்டி அளவில் ஒரு லாக் வரும். அதை கம்ப்யூட்டரின் பின்பக்கம் பிரிண்டர் போர்ட்டில் செருகி, அதற்கு மேல் பிரிண்டர் கேபிளை மாட்ட வேண்டும். லாக் இல்லையென்றால் திரையில் 'கீ நாட் ஃபவுண்ட்' என்று வரும், அவ்வளவுதான். அதுவரை அடித்து வைத்த மேட்டர் எதுவும் திறக்காது. வேறு கம்பெனி சாஃப்ட்வேரில் திறந்தால் தமிழுக்குப் பதில் கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு கம்பெனியும் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கி வைத்திருந்தது. கஸ்டமர் காசு கொடுத்து வாங்கியது சாஃப்ட்வேர் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் அவருடைய சொந்த மேட்டரே எங்கள் தீப்பெட்டிக்குள் அடகில் இருந்தது.

நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கொரட்டூரில் இருந்து வந்து போகிறவள். யாரையும் நம்பாதே என்பதுதான் எனக்குக் கொடுத்த டிரெயினிங். நம்பவில்லை. மேனேஜரையும் சேர்த்துத்தான்.

பையைத் திற

பிரஸ் ஆவடி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஓனர் தணிகாசலம் வாசலிலேயே நிறுத்தினார்.

"இன்னாம்மா, கம்பெனிலேர்ந்தா? மொதல்ல பைய தொறந்து காட்டு."

"எதுக்கு சார்?"

"உள்ள போம்போது இன்னா கொண்டாந்தேன்னு பாத்துக்கறேன். வெளிய வரும்போதும் பாப்பேன். நல்ல பார்ட்ட கயட்டிகினு மட்டமான பார்ட்ட மாட்டிட்டுப் பூடுவாங்கன்னு கேள்விப்பட்டு கீறேன்."

திறந்து காட்டினேன். ஸ்க்ரூ டிரைவர், ஒரு பாட்டில் ஸ்பிரிட், பிரஷ், தயிர்சாத டப்பா. டப்பாவையும் திறக்கச் சொன்னார்.

உள்ளே இன்னும் பூஜை வாசனை. ஆஃப்செட் மெஷினுக்கு வாழைக்கன்று கட்டியிருந்தது. மானிட்டர் நெற்றியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். கீபோர்டுக்கு ஒரு பொட்டு, மவுசுக்கு ஒரு பொட்டு. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அமுதா, ஆபரேட்டர். நாற்காலி காலியாகவே இருந்தது. அதில் உட்கார அவளுக்கு அனுமதியில்லை என்று புரிந்தது.

தணிகாசலம் சட்டைப் பாக்கெட்டில் இருந்து ஒரு கர்ச்சீப் முடிச்சை எடுத்தார். அதற்குள் லாக்.

"பூஜைக்கு மொத நாள் நல்லா ஓடிச்சு. பூஜை அன்னிக்கு யாரும் மெஷினத் தொடல. விஜயதசமி காலைல ஒரு பத்திரிகையாவது அடிப்போம்னு உக்காந்தா கீ நாட் ஃபவுண்டுன்றான். நடுவுல ஒரு ராத்திரி. அந்த ராத்திரி பிரஸ் சாவி யாராண்ட இருந்திச்சு? கேளு."

"என்னாண்டதான் இருந்திச்சு," என்றாள் அமுதா. "நீங்கதான குட்த்தீங்க, காலைல வந்து கோலம் போடுன்னு."

"இவ தம்பி எங்க வேல செய்றான்? முத்தாபுதுப்பேட்டைல, என் மச்சான் பிரஸ்ல. அவனும் நானும் பேசிக்கறதில்ல. அவனாண்ட கம்ப்யூட்டர் கீது, லாக் இல்ல. இத்தத் தொறந்து காப்பி எடுக்கப் பாத்து கீறாங்க. கணக்கு சரியா வருதா?"

சந்தேகத்தை அவர் அதோடு விடவில்லை. முந்தின நாளே மச்சானுக்குப் போன் போட்டு, 'உன் ஆளு என் லாக்கத் தொறந்து பாத்து கீறான்' என்று கத்தியிருந்தார். பையனை அங்கே அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அமுதா இதை என்னிடம் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை.

"நீங்க லாக்க ஒடச்சிக் கீறாங்கன்னு சொல்லிட்டீங்கன்னா நானும் போணும் மேடம். போறது பரவால்ல. திருட்டுப் பட்டத்தோட போனா இந்த ஆவடில எந்தப் பிரஸ்காரன் என்ன கீபோர்டு தொட வுடுவான்?"

சந்தனம்

லாக்கைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூ, இரண்டிலும் கீறல். திறந்து பார்த்ததற்கான அடையாளம் என்று கிளாசில் சொல்லிக் கொடுத்தது சரியாக அதைத்தான்.

"இந்தக் கீறல் எப்படி?"

தணிகாசலம் அமுதாவைப் பார்த்தார். அமுதா அவரைப் பார்த்தாள்.

"மொதலாளி, நீங்கதான டெய்லி சாயங்காலம் பேப்பர் கத்தில கயட்டி பீரோல வச்சிப் பூட்றீங்க. காலைல கத்தியாலயே மாட்றீங்க. நான் ஸ்க்ரூ டிரைவர் வாங்கிக் குடுங்கன்னு கேட்டேன். வாணாம், அத்த வச்சி நீயே கயட்டிடுவன்னீங்க."

அவர் விசிறியைப் பார்த்தார்.

லாக்கின் இன்னொரு முனையில் பார்த்தால் துளைகளே தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு அதையும் பீரோவில் இருந்து எடுத்து, கத்தி, கத்தரி, ஸ்டேப்ளர் எல்லாவற்றோடும் படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்து, கட்டை விரலால் அழுத்திச் சந்தனம் வைத்திருக்கிறார்கள். இருபத்தைந்து துளைகளும் சந்தனத்தால் அடைந்து, காய்ந்து, மேலே குங்குமம்.

"யார் வச்சது?"

"நான்தான்," என்றார் தணிகாசலம். "பின்ன, எல்லாத்துக்கும் வச்சிட்டு அத்த மட்டும் வுட்டா? இருக்கறதுலயே வெல ஒசந்த ஆயுதம் அதான."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கேஸ் முடிந்தது. திருட்டும் இல்லை, புரட்டும் இல்லை, பக்திதான் குற்றவாளி. ஸ்பிரிட் விட்டு, பிரஷ் போட்டு, ஒவ்வொரு துளையாகக் குண்டூசியால் சுரண்டி, ஊதி, காய வைத்து மாட்டினேன். கம்ப்யூட்டரை ஆன் செய்தேன்.

கீ நாட் ஃபவுண்ட்.

"பாத்தியா," என்றார் தணிகாசலம். அந்த ஒரு வார்த்தையிலேயே அமுதாவின் வேலை பாதி போய்விட்டது.

அவங்க கிறிஸ்டினு

பிரஸ் போனில் இருந்து ஆபீசுக்கு அடித்தேன். என்னோடு சப்போர்ட்டில் இருந்த பாபு எடுத்தான்.

"பாபு, இங்க லாக்ல சந்தனம் பூந்துகிச்சு. க்ளீன் பண்ணிட்டேன், அப்பவும் வரல."

"அட, பூந்தமல்லிலயும் இதே கம்ப்ளெய்ண்டு. சர்ச்சு பிரஸ்ஸு. நேத்து காலைலேர்ந்து கீ நாட் ஃபவுண்டாம்."

"அங்கயும் சந்தனமா?"

"அவங்க கிறிஸ்டினு. சந்தனத்துக்கு எங்க போவாங்க?"

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். இரண்டு பிரஸ்ஸும் போன வருஷம் ஒரே ஆஃபரில், ஒரே வெர்ஷன் வாங்கியவை. இரண்டு லாக்கும் ஒரே காலையில் செத்திருக்கின்றன. ஒன்றுக்குச் சந்தனம், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை. சந்தனம் இல்லை, கத்தி இல்லை, அமுதாவின் தம்பியும் இல்லை. அப்புறம் என்ன பொது?

சுவரில் தினக் காலண்டர் இரண்டாம் தேதியைக் காட்டியது. பூஜை நாள் மாசக் கடைசி. விஜயதசமி ஒன்றாம் தேதி.

கட்டளை அடிக்கிற கறுப்புத் திரைக்கு, டாஸ் பிராம்ப்டுக்குப் போனேன். 'டேட்' என்று அடித்தேன். தேதியை ஒரு மாதம் பின்னால் தள்ளினேன். சாஃப்ட்வேரைத் திறந்தேன்.

திறந்தது. மானிட்டரின் விபூதிப் பட்டைக்குக் கீழே, பாதியில் நின்ற கல்யாணப் பத்திரிகை, மாப்பிள்ளை பெயர் முக்கால்வாசி அடித்தபடி.

தேதியை மறுபடி சரி செய்தேன். கீ நாட் ஃபவுண்ட். பின்னால் தள்ளினேன். திறந்தது. தணிகாசலம் என் தோளுக்குப் பின்னால் நின்று இரண்டையும் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"லாக் நல்லாத்தான் இருக்கு சார். சாஃப்ட்வேர்லயே தேதி வச்சிருக்காங்க. அது தாண்டினா லாக் இருந்தாலும் இல்லன்னு சொல்லும். பூந்தமல்லி சர்ச் பிரஸ்லயும் நேத்துலேர்ந்து இதே கதைதான்."

"யாரு வச்சாங்க?"

பதில் சொல்வதற்கு முன்னால் மேனேஜரைக் கூப்பிட்டேன். ஒருவேளை அவருக்கும் தெரியாதோ என்று ஒரு நப்பாசை. தணிகாசலம் ரிசீவர் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து வைத்தார்.

"தேதியைத் தொடச் சொன்னது யாரும்மா உன்னை?" என்றார் மேனேஜர். ஆச்சரியமே இல்லாத குரல். "புது வெர்ஷன் வந்திருக்கு. தானா வந்து வாங்குன்னா எவன் வாங்குவான்? லாக் டாம்பர் ஆயிருக்கு, யாரோ நோண்டியிருக்காங்க, புது செட்டு வாங்கணும்னு சொல்லிட்டு வா. ஸ்க்ரூல கீறல் இருக்கும் பாரு. எல்லா லாக்லயும் இருக்கும்."

"சார், இங்க ஒரு பொண்ணுக்கு அதால வேலை போகுது."

"அது அவங்க பிரஸ் விஷயம். நமக்கென்ன?"

ரிசீவரை அப்படியே தணிகாசலத்திடம் நீட்டினேன். யோசித்துச் செய்யவில்லை. கை நீண்டுவிட்டது.

அவர் வாங்கி, நிதானமாக ஆரம்பித்தார். "சார், வணக்கம். நான் டெய்லி சாயங்காலம் உங்க லாக்க பீரோல வச்சிப் பூட்டினேன், எவனாவது திருடிடுவான்னு. திருடன் பொட்டிக்குள்ளயே உக்காந்துகினு கீறான்னு எனக்குத் தெரியாமப் பூட்ச்சு. பூந்தமல்லிப் பாதிரியாருக்கு நானே போன் போட்டுச் சொல்றேன். மத்தவங்க யாரு யாருன்னு இந்தப் பொண்ணாண்ட கேட்டுக்கறேன்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. "இல்ல சார், கோவமா பேசல. கோவம் வந்தா வேற மாரி பேசுவேன்," என்று வைத்தார்.

பிறகு அமுதா பக்கம் திரும்பினார். "உக்காரும்மா. தேதி பழசாவே ஓடட்டும். அந்தப் பத்திரிகய முடி."

அமுதா உட்காரவில்லை.

"கம்பெனிகாரன கேட்டுட்டீங்க. என் தம்பிக்கு இன்னா பதில்?"

"அதான் அவன் எத்தயும் தொடலன்னு ஆயிடுச்சே."

"இங்க ஆயிடுச்சு. முத்தாபுதுப்பேட்டைல ஆவல. அங்க நீங்க போன்லதான சொன்னீங்க? அதே போன் இதோ இங்கதான் கீது."

தணிகாசலத்துக்கு மச்சானோடு பேச்சு விட்டு எத்தனையோ காலம். கத்துவதற்குப் போன் எடுக்க முடிந்தது. இதற்கு எடுக்க முடியவில்லை. மேஜையைத் துடைத்தார். மெஷினைச் சுற்றி வந்தார். அமுதா கைப்பையைத் தோளில் மாட்டினாள். வாசல்வரை போய்விட்டாள். டயல் சுற்றுகிற சத்தம் கேட்டு நின்றாள்.

"ஹலோ. நான்தான். வச்சிடாத." ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். "அந்தப் பையன் மேல தப்பில்ல. நான்தான் தப்பா சொல்லிட்டேன். அவன வேலைக்கு வரச் சொல்லு." பிறகு, மறுபக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும், "ஆமா, நான்தான் பேசறேன்," என்றார்.

அமுதா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மாப்பிள்ளை பெயரில் பாக்கி இருந்த எழுத்தை அடித்தாள்.

வெளியே வரும்போது என் பையை யாரும் சோதிக்கவில்லை. அந்த ஆபீசில் அதற்குமேல் நான் ஒரு மாதம்கூட இல்லை. பாபு இன்னும் இருக்கிறான், அது அவன் தலையெழுத்து.

இப்போது என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான். 'நேத்து வரைக்கும் ஓடிச்சு, இன்னிக்கு ஓடல' என்று கஸ்டமர் சொன்னால், நடுவில் யார் தொட்டார்கள் என்று கேட்காதே. அந்தக் கேள்வி வாயில் வந்ததுமே எவனாவது ஒருவனுக்கு வேலை போகும். முதலில் தேதியை மாற்றிப் பார். அப்புறம் விற்றவனைக் கேள். மனுஷனை விசாரிப்பது கடைசி வேலை. பெரும்பாலும் அதற்கு அவசியமே வராது.