தறி நின்ற நேரம்

மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்று வீடு அமைதியானதும் என் கால் தானாக ஆடத் தொடங்கியது.

"ஒரு நிமிசம் சும்மா உக்கார மாட்டியா?" என்றார் கணவர்.

மாட்டேன். வெண்ணந்தூரில் விசைத்தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவள் நான்.

சின்ன வயதில் எங்கள் தறிக்கூடத்தில் மீட்டர் பெட்டிக்கு மேலே குருவி கூடு கட்டியிருந்தது. அந்தச் சத்தத்திலேயே இரண்டு குஞ்சுகள் பொரிந்தன. கரண்ட் போய் நாலு தறியும் நின்றபோது, கண்கூடத் திறக்காத அந்த இரண்டும் அலறிய அலறல்!

"சத்தந்தான் அதுங்களுக்கு ஊடு, சாமி. நின்னா பயந்துக்காதா?" என்றாள் அம்மா.

றெக்கை முளைத்த பிறகு மறுபடியும் கரண்ட் போனது. இந்தத் தடவை பெரிய குஞ்சு கத்தவில்லை. கூட்டின் விளிம்புக்கு வந்து, தலையைச் சாய்த்துக் கேட்டது. நானும் கேட்டேன். ராசிபுரம் பஸ்ஸின் ஹாரன், எங்கோ ஒரு நாய், புளியமரத்தில் வேறு குருவிகள். இத்தனை நாளும் இதெல்லாம் வெளியே இருந்திருக்கிறது!

தறி திரும்ப ஓடியபோது கூட்டில் ஒரு குஞ்சுதான் இருந்ததாம்; பெரியது பறந்துவிட்டிருந்தது. அம்மா என்னைத் தேடிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிருந்தேன்.

"கரண்ட் இப்ப வந்துரும், உக்காரு," என்றார் கணவர்.

"வர்றதுக்குள்ள வெளியே கெளம்பணுங்க," என்று செருப்பை மாட்டினேன்.